கில்ட்டுக்குக் கனம்தான் சுகம்

ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாட்டுத் திருமணங்களுக்குப் போகிறவர்கள் என்ன உடுத்தலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்காட்லாந்தில் ஆண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும், பின்பக்கம் மடிப்பு வைத்த, பாவாடை போன்ற கட்டம்போட்ட உடையான கில்ட் பற்றியும் அதில் ஒரு பத்தி இருந்தது. கம்பளி கனமானது, குத்தும், வியர்க்கும். எனவே இணையத்தில் மலிவாகக் கிடைக்கிற மெல்லிய செயற்கை இழைக் கில்ட்டே நம்மவர்களுக்கு வசதி என்று கட்டுரையாளர் முடித்திருந்தார்.

நான் ஸ்காட்லாந்தில் உள்ள ஸ்டர்லிங்கில் குடியிருக்கிறேன். கில்ட் தைக்கும் பட்டறை ஒன்றில் மடிப்புத் தைப்பது என் வேலை. பிறந்தது சென்னிமலை, அப்பா தறிக்காரர். துணியைப் பற்றித் தவறாக ஒன்று அச்சாகிவிட்டால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. அந்தப் பத்தியை நம்பி யாராவது பணத்தைத் தொலைப்பதற்குள் இதைப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

முதலில் கனம். கில்ட் துணியை இங்கே அவுன்ஸ் கணக்கில்தான் கேட்டு வாங்குவார்கள். ஏறக்குறைய ஒன்றரை கஜ அகலமுள்ள துணியில் ஒரு கஜ நீளம் எத்தனை அவுன்ஸ் நிற்கிறது என்பதே கணக்கு. 10, 11 என்றால் லேசு, 13 நடுத்தரம், 16 கனம். ராணுவத்துக்கு நெய்தது அதற்கும் மேலே போகும். முழுக் கில்ட்டுக்கு எட்டு கஜம் என்பார்கள். அது அரை அகலத்தில் எட்டு கஜம். முழு அகலத் துணியில் நான்கு கஜம் எடுத்து, நீளவாக்கில் நடுவில் வெட்டி, இரண்டையும் இணைத்துத் தைப்போம். ஆக 16 அவுன்ஸ் துணியில் தைத்தால் துணியே 64 அவுன்ஸ், சுமார் 1.8 கிலோ. 13 அவுன்ஸில் ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 10 அவுன்ஸில் 1.1 கிலோ.

இந்த எண்ணைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் மிரண்டிருக்க வேண்டும். இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தால் அந்த மிரட்சி இருக்காது. முன்பக்கம் மடிப்பே கிடையாது. தட்டையான இரண்டு துணிப் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். கனமெல்லாம் பின்பக்க மடிப்புகளில். தோல்வாரும் பக்கிளும் அதை இடுப்பெலும்பின் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வயிற்றில் சுமை தெரியாது. அந்தக் கனம்தான் மடிப்பைக் கீழ்நோக்கி இழுத்து நேராக நிறுத்துகிறது. நல்ல பட்டுப்புடவையின் கொசுவம் தானாக விழுவதும், நைலான் புடவையின் கொசுவம் விசிறிபோல விறைத்து நிற்பதும் நம் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். அதேதான் இங்கும். மெல்லிய துணி நடக்கும்போது காலில் ஒட்டும், உட்கார்ந்தால் தொடைக்கு இடையில் சுருளும், எழுந்தால் மடிப்பு விரிந்து கிடக்கும். ஸ்டர்லிங் கோட்டை மேட்டில் நின்று கல்யாணப் புகைப்படம் எடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே அடிக்கிற காற்றில், கில்ட்டுக்கு உள்ளே என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்ற பழைய வேடிக்கைக் கேள்விக்கு மெல்லிய துணி தானே பதில் சொல்லிவிடும்.

குத்தும் என்கிறார். எல்லாக் கம்பளியும் ஒன்றல்ல. கில்ட்டுக்கு நெய்வது ஒர்ஸ்டெட். நீள இழைகளை மட்டும் சீவி எடுத்து, ஒரே போக்கில் படியவைத்து, இறுக்கி முறுக்கிய நூல் அது. ஸ்வெட்டர் கம்பளிபோல முடி துருத்திக்கொண்டு நிற்காது. பாவும் ஊடும் இரண்டிரண்டாக ஏறி இறங்கும் சாய்வரி நெசவு என்பதால் துணி கெட்டியாகவும் இருக்கும், மடிக்கவும் வளையும். குத்துகிற கம்பளி வேண்டுமென்றால் அதுவும் இங்கே உண்டு: ஹாரிஸ் ட்வீட். வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுத் தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர் என்று 1993-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். தறிக்காரர் மகளுக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைகூட வரும். ஆனால் அதில் கில்ட் தைத்தால் முழங்காலின் பின்புறத்தில் உரசும், மடிப்பும் தடிக்கும். ஆசைப்படுகிறவர்கள் எட்டு கஜம் கேட்காமல் குறைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

வியர்வையைப் பொறுத்தவரை கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். தொட்டால் நனைந்தது தெரியாது. பாலியஸ்டர் அப்படி உறிஞ்சாது, ஈரம் உடம்பிலேயே நிற்கும். கில்ட் கீழே திறந்த உடை. கால்களுக்குக் காற்று போகும். புழுக்கம் தெரிவது இடுப்புப் பட்டையில்தான், அங்கே உள்துணியும் விறைப்புத் துணியும் சேர்ந்திருப்பதால். சென்னையில் கட்டத்தான் வாங்குகிறேன் என்பவர் 11 அவுன்ஸ் ஒர்ஸ்டெட் கேட்கட்டும், நியாயம். திருமணத்துக்கும் விருந்துக்கும் 13. பேக்பைப் என்ற பை வைத்த ஊதுவாத்தியக் குழுவில் மழையிலும் வெயிலிலும் நின்று வாசிக்கிறவர் 16-க்குக் கீழே இறங்கவே கூடாது.

கட்டுரை தொடாத விஷயம் கரை. என் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். நல்ல கில்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதே இல்லை. தறியில் விழுந்த கரைதான் கீழ் ஓரம். அதற்காகவே கில்ட் துணிக்குக் கரையைச் சுத்தமாக, பிசிறில்லாமல் நெய்வார்கள். மடித்துத் தைத்தால் என்ன ஆகும்? பின்னால் மடிப்பு மேல் மடிப்பாக அடுக்கியிருப்பதால் ஒவ்வோர் அடுக்கிலும் தடிமன் இரட்டித்துக் கீழ்ப்பகுதி வெளியே தூக்கிக்கொள்ளும். கடையில் கில்ட்டின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். மடித்துத் தைத்திருந்தால் துணி கில்ட்டுக்காக நெய்ததல்ல என்று வைத்துக்கொள்ளலாம். இதே காரணத்தால் பிறகு நீளம் குறைக்கிறேன் என்று கீழே கத்தரி வைக்கவும் முடியாது. முழங்கால் சில்லின் மேல் ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்குள் நிற்கும்படி முதலிலேயே அளவு கொடுங்கள்.

கம்பளிக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. முதல் உலகப் போரில் கில்ட் கட்டிய படைவீரர்கள் பதுங்குகுழிகளில் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது. சேறு ஒட்டிய ஓரம் குளிரில் உறைந்து முழங்காலின் பின்புறத்தை அறுத்தது. மடிப்புகளுக்குள் பேன் குடியேறியது. சேற்றுக்கும், எதிரியின் கண்ணில் நிறம் படாமலிருக்கவும் மேலே காக்கி ஏப்ரன் கட்டிக்கொண்டார்கள். ஆனால் கல்யாண மண்டபத்தில் பதுங்குகுழி கிடையாது.

செயற்கை இழையிலும் தரம் பிரித்துப் பேச வேண்டும். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி பரவாயில்லை. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் இருக்கும் மார்ட்டன் மில்ஸ் போன்ற நெசவாலைகளே அதை நெய்கிறார்கள். வீட்டில் துவைக்கலாம், அந்துப்பூச்சி தின்னாது, விலை குறைவு. வளரும் பையன்களுக்கும், கம்பளி ஒவ்வாதவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். அக்ரிலிக் மட்டும் வேண்டாம். சீக்கிரமே நூல் திரண்டு உருண்டை உருண்டையாக நிற்கும், உட்காரும் இடம் பளபளக்கும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் இளகும். மலிவு விலைக் கில்ட்டுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். பருத்தி வேறு ரகம். அமெரிக்காவின் சியாட்டிலில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ், தடித்த பருத்தியில் பை வைத்து, வேலைக்குப் போட்டுக்கொள்கிற கில்ட்டாகவே தைக்கிறது. தச்சு வேலைக்கு அருமை. நனைந்தால் காய நேரமாகும், கசங்கினால் கசங்கியதுதான்.

ஒரே ஒரு திருமணத்துக்கு என்றால் விலைக்கு வாங்கவே வேண்டாம் என்பேன். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் நிறைய. காலுறை, இடுப்பில் தொங்கும் ஸ்போரன் பை எல்லாம் சேர்த்தே தருவார்கள். ஸ்காட்லாந்துக் குலங்களுக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு என்றாலும், இந்தக் குலத்துக்குத்தான் இந்தக் கட்டம் என்று யாரும் சட்டம் பேசித் தடுக்க மாட்டார்கள். கையால் தைத்த கம்பளிக் கில்ட் பல ஆண்டு கட்டப் போகிறவருக்கு. வயிறு பெருத்தால் பக்கிளை நகர்த்தித் தைத்துக் கொடுப்போம். தாத்தாவின் கில்ட்டைக் கொண்டுவந்து தன் இடுப்புக்கு ஏற்றதாக மாற்றச் சொல்கிற பேரப்பிள்ளைகள் எங்கள் பட்டறைக்கு வருவதுண்டு.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுக் கில்ட்டில் மடிப்பு கலையாமலிருக்க வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு அனுப்புவோம். கட்டுவதற்கு முன் அதைப் பிரித்துவிடுங்கள். துவைக்காதீர்கள், பிரஷ் போட்டு, காற்றாட விட்டு, ஈரம் போனபின் பீரோவில் வையுங்கள்.

கடைசியாக, கட்டுரைக்குப் போட்டிருந்த படம். அந்தப் பையன் கில்ட்டை முன்பின்னாகக் கட்டியிருக்கிறான். மடிப்பெல்லாம் வயிற்றின் மேல் நிற்கிறது. திருத்தம் வெளியிடுவதானால் படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஸ்டர்லிங், ஸ்காட்லாந்து