முப்பது மில்லிமீட்டர்

அன்பு மாப்ளே,

உன் இரண்டு கடிதங்களும் எட்டு மாதமாகப் பதில் இல்லாமல் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. அதைத் திறக்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். கோபமாக இருப்பாய், இருக்க வேண்டியதுதான். சின்னவள் தேறிவிட்டாள் என்று கேட்டு அம்மா அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம்.

இப்போது விஷயம். யானையை, அதாவது நாம் அப்படிக் கூப்பிடும் என் காரை, உயரம் இறக்கிவிட்டேன்.

படித்ததும் எழுந்து நின்றிருப்பாய். "அந்த வண்டியின் உயரத்தில் மட்டும் கை வைக்காதே" என்று நீயும், வண்டி வேலை தெரிந்த நம் வாத்தியாரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து என்னிடம் வாக்கு வாங்கிய இரவு நினைவிருக்கிறது. அந்த வாக்கை மீறினேன். நான் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். முதல் தடவை எல்லாமே தப்பாகப் போனது. அதை உன்னிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது சரியாகிவிட்டது. அதோடு, நீயும் உன் வண்டியை அறுபது மில்லிமீட்டர் இறக்கப் போவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இனியும் பேசாமல் இருந்தால் அது துரோகம்.

அழகுக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. அம்மாவுக்காகச் செய்தேன். போன வருஷத்திலிருந்து அவளுக்கு வலது முட்டி சரியாக மடங்குவதில்லை. ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பக்கவாட்டில் படி வைக்கலாமே என்பாய். வைத்தேன். ஏறுவது கொஞ்சம் எளிதானது. ஆனால் பெரிய தொல்லை ஏறி உட்கார்ந்த பிறகுதான் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும், நிமிரும், மறுபடி சாயும். மேடு பள்ளம் தாண்டினால் இரண்டு மூன்று தடவை ஆடித்தான் அடங்கும். அரை மணி நேரத்தில் அவளுக்குக் குமட்டல் வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, நீ ஓட்டு" என்பாள். அந்தக் குரலை உனக்குத் தெரியும்.

வண்டி ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்குகள் தளர்ந்துபோயிருந்தன. எப்படியும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே வைத்துக்கொள்ளக்கூடிய, ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்த காயிலோவர் செட்டாகவே போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஷாக்கின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்த மரையில் மேலும் கீழும் திருகினால் வண்டி ஏறும், இறங்கும். அழுந்தும்போது எவ்வளவு எதிர்க்க வேண்டும், மீளும்போது எவ்வளவு எதிர்க்க வேண்டும் என்பதற்கு இரண்டு தனித்தனித் திருகுகள். பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு நம் பழைய நாட்கள்தான் ஞாபகம் வந்தன. நீ உன் சைக்கிள் சீட்டை இறக்கிய கதை உட்பட.

நான் கொடுத்த பட்டறையில் ஒரே நாளில் மாட்டிக் கொடுத்தார்கள். எவ்வளவு இறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, நானும் எண்ணைச் சொல்லவில்லை. முழுத் தப்பும் அங்கேதான் தொடங்கியது. மரை எவ்வளவு விட்டதோ அவ்வளவும் இறக்கிவிட்டார்கள். டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழையும். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

இரண்டாவது மேட்டில் "டங்" என்று ஒரு அடி. வண்டிக்கு அடியில் கல்லால் அடித்த மாதிரி. அம்மாவின் உடம்பு இருக்கையிலிருந்து எகிறி விழுந்தது. அப்புறம் தொடர்ந்து வந்த சின்னச் சின்னப் பள்ளங்களில் வண்டி மெல்ல மெல்லப் படிந்துகொண்டே போன மாதிரி இருந்தது. வளைவில் சாய்வு குறையவில்லை. பாதி சாய்ந்த பிறகு திடீரென்று எதன்மேலோ முட்டி நின்றது, டயர் கத்தியது. திரும்பி வந்ததும் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்று நாள் படுக்கை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மாப்ளே, அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் வாத்தியாரிடம் போனேன். வாக்கை மீறியதற்குத் திட்டுவார் என்று பயந்தேன். அவர் அளவு நாடாவை எடுத்து என் கையில் கொடுத்து, "முதலில் அள" என்றார். தரையிலிருந்து அளக்கப் போனேன், தடுத்துவிட்டார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடுமாம். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். இடது முன்பக்கம் 438 மில்லிமீட்டர், வலது முன்பக்கம் 431. பழைய அளவு 490. அதாவது ஐம்பதுக்கும் மேலே இறங்கியிருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லை.

அப்புறம் ஷாக்குக்குள் போய் வரும் பிஸ்டன் ராடில், அது எதுவரை அழுந்துகிறது என்று பார்க்க ஒரு கேபிள் டையை (பிளாஸ்டிக் பட்டையை) கட்டிவிட்டு, "ஒரு சுற்று ஓட்டிவிட்டு வா" என்றார். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் அது நேராகப் பம்ப் ஸ்டாப்பின்மேல், அதாவது ஷாக் கடைசியாக முட்டி நிற்கும் ரப்பரின்மேல், போய் நசுங்கி நின்றது. நின்ற நிலையில், ரப்பரில் முட்டுவதற்கு முன் ராடுக்கு இருந்த தூரம் இருபது மில்லிமீட்டர்கூட இல்லை. வண்டி ஸ்பிரிங்கில் ஓடவே இல்லை, மாப்ளே. பாதி நேரம் அந்த ரப்பர் துண்டின்மேல்தான் ஓடியிருக்கிறது. அந்த "டங்"கும், வளைவில் முட்டி நின்றதும் அதுதான்.

படிந்துகொண்டே போனதற்குக் காரணம் வேறு. மீளும் பக்கத் திருகை முழுக்க இறுக்கி வைத்திருந்தார்கள். இறுக்கம் அதிகமானால் ஸ்பிரிங் அழுந்தியபின் விரிய நேரம் எடுக்கும். விரிந்து முடிப்பதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிட்டால் மேலும் அழுந்தும். இப்படியே நாலைந்து பள்ளத்தில் வண்டி தானாகவே தாழ்ந்து ரப்பரில் உட்கார்ந்துவிடும். இறுக்கினால் நல்லது என்று நாம் இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தோமே!

எனக்கு உண்மையில் தூக்கம் போனது அடுத்த விஷயத்தில்தான். இறக்கினால் சாய்வு குறையும் என்று நீயும் நானும் எத்தனை தடவை அடித்துப் பேசியிருப்போம்? வாத்தியார் காகிதத்தில் போட்டுக் காட்டினார். வண்டி 2,200 கிலோ. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 165 சென்டிமீட்டர். புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவிசை வரும்படி ஒரு வளைவில் திரும்பினால், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு ஏறத்தாழ 467 கிலோ எடை மாறும். முப்பது மில்லிமீட்டர் இறக்கினால் அது 447 ஆகும். இருபது கிலோ! இவ்வளவு பாடும் அந்த இருபது கிலோவுக்காகத்தான்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. வளைவில் வண்டியின் உடம்பு ஒரு சுழல் மையத்தைச் சுற்றித்தான் சாய்கிறது. அந்த மையம் எங்கே இருக்கும் என்பதைச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் கோணம்தான் முடிவு செய்கிறது. வண்டியை இறக்கினால் ஆர்ம்களின் கோணம் மாறும். நம் வண்டிகள் போன்றவற்றில் பெரும்பாலும், ஈர்ப்பு மையம் இறங்கும் அளவைவிடச் சுழல் மையம் அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் கூடும். அந்தத் தூரம்தான் உடம்பைச் சாய்க்கும் நெம்புகோல். ஆக, ஸ்பிரிங் பழைய இறுக்கத்திலேயே இருந்தால், அளவுக்கு மீறி இறக்கிய வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயலாம். சாய்வைக் குறைப்பது இறுக்கமான ஸ்பிரிங்கும், நல்ல நிலையில் இருக்கும் ஷாக்கும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும்தான். "உயரத்துக்கு அதில் பங்கு சின்னது" என்று அவர் சொன்னபோது நான் பேனாவை வாங்கித் திரும்பவும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் கழற்றினோம். நான் ஸ்பிரிங்கை வெளியே எடுக்க அவசரப்பட்டபோது கையைத் தட்டிவிட்டார். அழுத்திவைத்த ஸ்பிரிங் கம்ப்ரஸரிலிருந்து தெறித்தால் ஆளே போய்விடலாம். அந்த வேலையில் அவர் பேசக்கூட மாட்டார். முப்பது மில்லிமீட்டர் போதும் என்று முடிவு செய்தோம். நாலு மூலையிலும் வைத்தோம்: முன்னால் 460, 460. பின்னால் 465, 466. செட்டுடன் வந்த குட்டைப் பம்ப் ஸ்டாப்புகளைப் பட்டறையில் மாட்டவே இல்லை, பெட்டியிலேயே கிடந்தன. அவற்றை மாட்டினோம். ஆன்டி ரோல் பாரின் லிங்க் ராடுகள் கோணலாக இழுத்துக்கொண்டிருந்தன, நீளத்தை மாற்றக்கூடியவை வாங்கிப் போட்டோம்.

புஷ் விஷயத்தை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படி. கன்ட்ரோல் ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ் உள்ளேயும் வெளியேயும் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். அது உருளாது, முறுக்கிக்கொள்ளும். வண்டியை லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே போல்டை இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் அந்த ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரி தள்ளும், அளந்த உயரம் பொய்யாகும், சீக்கிரம் கிழிந்தும் போகும். என் வண்டியில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள். நாங்கள் எல்லா போல்டையும் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, கொஞ்சம் உருட்டி உட்காரவிட்டு, அதே உயரத்தில், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். பட்டறைக்குப் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "போல்டை எந்த நிலையில் இறுக்குவீர்கள்?" பதில் சொல்லத் தயங்கினால் சாவியைக் கொடுக்காதே.

வீல் அலைன்மென்ட்டும் செய்தோம். இறக்கியதும் சக்கரங்களின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்துவிட்டது, மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணமான டோவும் மாறியிருந்தது. அந்த உள்சாய்வான கேம்பர்தான் டயரின் உள்விளிம்பைத் தின்னும் என்பார்கள். டோ தப்பாக இருந்தால் இன்னும் வேகமாகத் தின்றுவிடும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங்குகள் உட்கார்ந்து மூன்று மில்லிமீட்டர் இறங்கின. திரும்ப ஏற்றி, திரும்ப அலைன்மென்ட். ஹெட்லைட்டின் உயரமும் முன்கண்ணாடிக் கேமராவும் தனியாகச் சரிசெய்யப்பட்டன. வண்டியின் உயரம் மாறியது அந்தக் கேமராவுக்குத் தானாகத் தெரியாதே.

திருகுகளுக்கு ஒரு மாதம் ஆனது. முழுக்க மூடிவிட்டு அங்கிருந்து கிளிக் எண்ணித் திறப்பதுதான் முறை. ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும், அதே பாதையில் ஓட்ட வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். மீளும் பக்கத்தை முதலில் பிடித்தோம். மேட்டைத் தாண்டியதும் ஒரே மூச்சில் அடங்கும் இடம் கிடைத்தது. அப்புறம் அழுந்தும் பக்கத்தை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்திக்கொண்டே வந்தேன். வண்டியோடு சேர்த்து இரண்டரை டன் வரும்படி நாலு பேர், பெட்டிகள் என்று ஏற்றியும் ஓட்டிப் பார்த்தேன். என் செட்டில் எத்தனை கிளிக் என்று கேட்காதே, என் எண் உனக்குப் பொருந்தாது.

கடைசிச் சோதனைக்கு அம்மாதான். அதே பாதை, அதே வளைவுகள். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தாள். மறுபடி குமட்டலோ என்று நெஞ்சு திக்கென்றது. வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்தாள், மாப்ளே. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி. அப்படியே நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

வாத்தியார் ஒன்று சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி உயரத்திலேயே புது ஷாக் மட்டும் போட்டிருந்தாலும் அம்மாவின் தொல்லையில் பெரும்பாதி போயிருக்கும் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அந்த மூன்று சென்டிமீட்டரை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அவள் இப்போது என் தோளைப் பிடிக்காமல் ஏறுகிறாள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னுடையது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன். அதைக் கழற்றிவிட்டுக் காயிலோவர் போட வேண்டும் என்று ஏன் துடிக்கிறாய்? 1955-லேயே சித்ரோயன் டிஎஸ் காரில் உயரத்தைத் தானாக ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. எத்தனை பேர் ஏறினாலும் மட்டம் மாறாத அந்தச் சுகம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. கழற்றினால் அது போகும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், அதை அணைக்க ஒரு கருவி வாங்க வேண்டும். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், உயர சென்சாரின் இணைப்புக் கம்பியின் நீளத்தை மாற்றினாலே கம்ப்யூட்டர் வண்டியைத் தாழ்வாக நிறுத்தும். ஆனால் எல்லா உயர நிலைகளும் அதே அளவு இறங்கும் என்பதை மறக்காதே. அறுபது வேண்டவே வேண்டாம். உன் வீட்டுச் சரிவில் முன்பம்பர் முதல் நாளே இடிக்கும், நீ அழுவாய், நான் வந்து கேட்க வேண்டியிருக்கும்.

எதையும் வாங்குவதற்கு முன் நாலு சக்கரத்திலும் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எனக்கு எழுது. வண்டி காலியாக ஒரு தடவை, எல்லோரும் ஏறியபின் ஒரு தடவை. இந்தத் தடவை பதிலுக்கு எட்டு மாதம் ஆகாது. அம்மா உன்னைக் கேட்டாள், எப்போது வருகிறாய் என்றாள். வரும்போது பின்சீட்டில் உட்கார்ந்து பார்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்