வருஷா வருஷம் வட்டி

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் குரல் செய்திகள் எல்லாம் கேட்டேன். கடைசியாக வந்ததில் நீ திட்டிய திட்டைக் கேட்டு மனிசி, “இது உங்களுக்கு வேணும்” என்று சிரித்தாள். பதில் போடாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. சின்னவன் ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கிறான். காத்திருப்பதையே ஒரு தொழிலாகச் செய்கிறான். நெட்டையன் வந்து போனான். உன் கலியாண வீட்டு ஐஸ்கிறீம் கதையைத் திரும்பவும் சொன்னான். இப்போது அதில் பொலிஸ்காரர்களும் வருகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையின் வியாழக்கிழமை வேதபாட வகுப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். சிரிக்காதே. சோதனைத் தாளில் யோனாவை விழுங்கியது திருக்கை என்று எழுதியவன் நீ, நான் இல்லை.

அண்மையில் வெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். நல்ல குரல், நல்ல வெள்ளைச் சேட். “பழைய ஏற்பாட்டுக்காரர் கட்டளைகளைக் கைக்கொண்டு இரட்சிக்கப்பட்டார்கள், நாமோ கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோம்” என்று கையை உயர்த்திச் சொன்னார். சபை முழுக்க ஆமென். எனக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. அதற்கடுத்த வியாழன் வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அதே கேள்வி. அப்போ மோசே எப்படித் தப்பினார்? தாவீது? கட்டளையைக் கைக்கொண்டா? தாவீதா?

நீ கத்தோலிக்கன், உனக்கு இந்தத் தலையிடி குறைவு. எங்கள் பக்கத்தில் இது பழைய சண்டை. 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தில் யோவான் 1:17க்குப் போட்ட அடிக்குறிப்பு இந்த மாதிரிப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. 1967 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். எங்கள் பிரசங்கியார் பழைய பதிப்பைத்தான் வைத்திருக்கிறார் போல.

ஆபிரகாமை எடு. “அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்.” இது ஆதியாகமம் 15. விருத்தசேதனம் வருவது 17ஆம் அதிகாரத்தில், மனுஷனுக்கு 99 வயதாகும்போது. நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், வருவதோ, பவுல் கலாத்தியருக்குப் போட்ட கணக்கின்படி, 430 வருஷம் கழித்து. கைக்கொள்ளச் சட்டமே இல்லாத காலத்தில் ஒருவன் சட்டத்தைக் கைக்கொண்டு எப்படி நீதிமானாவான்? பவுல் ரோமர் 4இல் இதைத்தான் சட்டத்தரணி மாதிரி திருப்பித் திருப்பிக் கேட்கிறார்.

சீனாய் மலையிலும் அப்படித்தான். பத்துக் கட்டளையை நாங்கள் ஒப்புவிக்கும்போது முதல் வரியை விழுங்கிவிடுவோம். “உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே.” அதற்குப் பிறகுதான் கட்டளை. இந்தக் கட்டளைகளைக் கைக்கொண்டால் செங்கடலைப் பிளப்பேன் என்று அவர் சொல்லவில்லை. கடல் பிளந்து, ஜனம் கரையேறி, மன்னாவும் தின்று, பிறகுதான் சட்டம் வந்தது.

ஆனால் அந்தக் காலத்திலும் கிருபைதான் என்று சொல்லும் இந்தப் பக்கத்துக்காரர் மறுபக்கமாகவும் சறுக்குவார்கள். அப்பாவின் பழைய ஆங்கில ஜெபப்புத்தகத்தின் பின்பக்கத்தில் அங்கிலிக்கன் சபையின் 39 விதிகளும் இருக்கின்றன. ஏழாம் விதி சொல்கிறது: இரண்டு ஏற்பாட்டிலும் நித்திய ஜீவன் கிறிஸ்துவினாலேயே, முற்பிதாக்கள் அழிந்துபோகும் வாக்குத்தத்தங்களை மட்டும் எதிர்பார்த்திருந்தார்கள் என்று சொல்பவர்களுக்குச் செவிகொடுக்காதே. 1571இல் முடிவான வாசகம். நான் அதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அது கொஞ்சம் அவசரப்படுகிறது மச்சான். சங்கீதம் 88ஐ வாசித்துப் பார். “மரித்தோர் எழுந்து உம்மைத் துதிப்பார்களோ” என்று கேட்கிறான் அந்த ஆள், பதிலும் இல்லாமல் இருட்டிலேயே முடிக்கிறான். உயிர்த்தெழுதல் பளிச்சென்று தெரிவது தானியேல் 12 மாதிரி ஓரிரண்டு இடத்தில்தான். அவர்கள் கேட்ட இரட்சிப்பு பெரும்பாலும் மழை, பிள்ளைகள், காணி, சத்துருவின் கையிலிருந்து தப்புவது.

“நின்றுகொண்டு இன்றைக்குக் கர்த்தர் உங்களுக்குச் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்” என்று மோசே சொன்னது பரலோகத்தைப் பற்றி அல்ல. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் இரதங்கள், நடுவில் பிள்ளைகுட்டி. அவ்வளவுதான். இதைக் கீழான இரட்சிப்பு, மாம்சத்துக்குரியது என்று பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உன் அப்பாவின் ஞாபகம் வரும். 83 கலவரத்தில் கொழும்பில் உடுத்த உடுப்போடு சரக்குக் கப்பலில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி மண்ணைத் தொட்டவர். அந்த மனுஷனுக்கு முன்னால் நின்று ‘உங்களுடையது வெறும் சரீர இரட்சிப்பு’ என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். எங்கள் ஆட்கள் யாத்திராகமத்தை ஆவிக்குரிய பாடமாக மாற்றுவதற்கு முன் ஒருதரம் அப்படியே வாசிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, அப்போ வித்தியாசம் எங்கே இருக்கிறது? அதைத் தேடித்தான் லேவியராகமம் 16க்குள் போனேன். சின்ன வயதில் நாங்கள் பாய்ந்து கடந்த பக்கங்கள். ஏழாம் மாதம் பத்தாம் தேதி. பிரதான ஆசாரியன் தன் பொன் உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டுச் சாதாரணச் சணல்நூல் அங்கி போடுகிறான். முதலில் தன் பாவத்துக்கே ஒரு காளையை அடிக்க வேண்டும். பிறகு திரைக்கு உள்ளே போகும்போது தூபப் புகை கிருபாசனத்தை (உடன்படிக்கைப் பெட்டியின் மூடியை) மூட வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போவான். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிட்டு, மற்றதன் தலையில் இரண்டு கையையும் வைத்து ஜனத்தின் அக்கிரமம் எல்லாவற்றையும் சொல்லி வனாந்தரத்துக்கு விரட்டிவிடுகிறார்கள். இவ்வளவும் செய்து வெளியே வந்தால்? அடுத்த வருஷம் அதே தேதியில் திரும்பவும் அதே காளை, அதே புகை.

இதை வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்கும்போது அன்ரி (உனக்குத் தெரியும், கடற்கரைப் பக்க மாடிவீடு, உன்னை ‘சாப்பாட்டுராமன்’ என்று கூப்பிட்டவ, வகுப்பு இப்போது அவ வீட்டில்தான்) பற்றிஸ் தட்டை மேசையில் வைத்தபடி சொன்னா: “அப்ப தம்பி, செட்டியார் தெருவில தாலிக்கொடியை அடகு வச்சிட்டு வருஷா வருஷம் வட்டி கட்டித் துண்டைப் புதுப்பிக்கிற மாதிரி. நகை ஏலத்துக்குப் போகாது. ஆனா வீட்டுக்கும் வராது.”

மச்சான், நான் வைத்திருந்த குறிப்பெல்லாம் அந்த ஒரு வசனத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. எபிரெயர் 10 அதைத்தான் சொல்கிறது. காளை வெள்ளாட்டுக்கடாக்களின் இரத்தம் பாவங்களை நிவிர்த்தி செய்யமாட்டாது. அந்தப் பலிகளினால் வருஷந்தோறும் பாவங்களை நினைவுகூருதல்தான் உண்டாகிறது. பலி கொடுக்கக் கொடுக்கப் பாவம் ஞாபகத்துக்கு வருகிறது. எரேமியா 31இல் வாக்குப்பண்ணின புதிய உடன்படிக்கை எப்படி முடிகிறது என்று பார்: “அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்.” அந்தப் பகுதியைத்தான் எபிரெயர் நிருபக்காரர் 8ஆம் அதிகாரத்தில் நீளமாக எடுத்துப் போட்டு, 10இல் திரும்பவும் தொடுகிறார். இன்னொன்றும் சொல்கிறார். பழைய ஆசாரியன் நாள்தோறும் நின்றுகொண்டு ஊழியம் செய்கிறான். கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார். யாத்திராகமத்தில் கூடாரத்துக்கு மேசை, குத்துவிளக்கு, தூபபீடம் எல்லாவற்றையும் எப்படிச் செய்வதென்று சொல்லியிருக்கிறது, ஆசாரியன் உட்கார ஒரு கதிரை செய்யச் சொல்லவில்லை. வேலை முடியாதவனுக்கு எதற்குக் கதிரை?

வகுப்பில் இருந்த வங்கிக்காரர் சும்மா இருப்பாரா? “அன்ரி, அடகுக்கடைக்காரரே கடனைக் கட்டி நகையை மீட்டுக் குடுத்ததாக் கேள்விப்பட்டிருக்கிறீங்களோ?” என்றார். அதற்கு அன்ரி, “அதுதானே தம்பி சுவிசேஷம்” என்றா. பற்றிஸ் ஆறிப்போனது.

தாவீதின் கதை இதைவிடச் சிக்கல். எண்ணாகமம் 15இன்படி அறியாமல் செய்த பாவத்துக்குத்தான் பலி. துணிகரமாய்ச் செய்தவனுக்குப் பலியே இல்லை, அறுப்புண்டு போக வேண்டியதுதான். அடுத்தவன் மனைவி பத்சேபாளை எடுத்தது, பிறகு அவள் புருஷன் உரியாவைக் கொல்வித்தது. இரண்டும் துணிகரம். அதனால்தான் 51ஆம் சங்கீதத்தில் “பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்” என்கிறான். செலுத்த அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் “நீ சாகாதபடிக்குக் கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்” என்கிறான். எந்தக் கணக்கில் நீங்கியது? ரோமர் 3இல் பவுலின் பதில், முற்காலத்துப் பாவங்களைத் தேவன் பொறுத்துக்கொண்டிருந்தார், சிலுவையில்தான் அந்தப் பொறுமைக்கு நியாயம் காட்டினார். அதே சங்கீதத்தில் தாவீது “உமது பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாமலிரும்” என்று கெஞ்சுகிறான் பார். தனக்கு முந்திய ராஜா சவுலை விட்டு அந்த ஆவி நீங்கினதைக் கண்ணால் கண்டவன். அந்தப் பயம்தான் பழைய உடன்படிக்கை. மன்னிப்பு இருந்தது, கிருபையும் இருந்தது, ஆனால் திரைக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது யூதர்களை மட்டம்தட்டவும் எனக்கு மனமில்லை. கி.பி. 70இல் ஆலயம் எரிந்தபோது பாவநிவிர்த்தி செய்ய இடம் போய்விட்டதே என்று அழுத சீடனுக்கு, இரக்கச் செயல் இருக்கிறது, “பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன்” என்று ஓசியாவில் இருக்கிறதே என்று ரபி யோகனான் பென் சக்காய் ஆறுதல் சொன்னதாக அவர்கள் மரபில் இருக்கிறது. அதே வசனத்தை இயேசுவும் பரிசேயரிடம் எடுத்துச் சொன்னவர்தானே. ஆலயம் எரிந்த அந்த நாளை அவர்கள் இன்றைக்கும் உபவாசத்தோடு அனுசரிக்கிறார்கள். அதைத் ‘தோற்றுப்போன மதம்’ என்று கத்துகிற பிரசங்கியாரை, தேவன் தம்முடைய ஜனத்தைத் தள்ளிவிடவில்லை என்கிற ரோமர் 11க்கு அனுப்ப வேண்டும்.

இனி நான் உண்மையாகவே எழுத நினைத்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு அன்ரி என்னைப் படியில் நிறுத்தினா. “ஆபிரகாமுக்கு இயேசுவின்ட பேர் தெரியாதுதானே தம்பி?” தெரியாது என்றேன். “அப்ப பேர் தெரியாமலும் ஏத்துக்கொண்டிருக்கிறார்.” அவ்வளவுதான் சொன்னா, நான் கால் வைத்த படியிலேயே நின்றுவிட்டேன். அவ கலியாணம் முடித்துத்தான் சபைக்கு வந்தவ. தாய் கடைசிவரைக்கும் சைவம். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை விரதம். இந்த மகளின் ஞானஸ்நானத்துக்கும் வந்து பின்வாங்கில் இருந்துவிட்டுப் போன மனுஷி.

விசுவாசத்தால் வாழ்ந்தவர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் 11ஐ எடுத்து ‘உங்கள் அம்மாவும் அப்படித்தான்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரம் அதற்கு இடம்கொடுக்காது. ஆபிரகாமிடம் தேவன் பேசினார், வாக்குத்தத்தம் கொடுத்தார், அவன் அதைப் பிடித்துக்கொண்டான். பேர் தெரியாதது வேறு, பேச்சைக் கேளாதது வேறு. அதேநேரம் ‘இல்லை’ என்று சொல்லவும் எனக்கு வசனம் இல்லை; இருக்கிறது என்று சொல்பவர்கள் தங்கள் தாயை வைத்து யோசித்ததில்லை. சோதோமுக்காக மன்றாடியபோது ஆபிரகாம் கேட்டதைத்தான் சொன்னேன்: “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?” அன்ரி தலையை ஆட்டினா. திருப்தியில் ஆட்டினதா, ‘போயிட்டு வா’ என்று ஆட்டினதா என்று சொல்ல முடியாது.

உங்கள் ஆட்கள் 1964இல் வத்திக்கான் சங்கத்தில் இதைத் துணிந்து எழுதிவிட்டார்கள், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் நேர்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்பு அடைய முடியும் என்று. முன்பு நீ இதைச் சொல்லி என்னோடு கோல்பேஸில் சண்டை பிடித்தாய், நான் ‘வசனம் எங்கே’ என்று கத்தினேன், கடலை விற்றவர் எங்களைப் பார்த்து ஒதுங்கிப் போனார். இப்போதும் வசனம் எங்கே என்றுதான் கேட்பேன், ஆனால் கொஞ்சம் மெதுவாக.

இப்போது அன்ரி அடுத்த குண்டைப் போட்டிருக்கிறா. காலையில் ஃபோன் பண்ணி, “மெல்கிசேதேக்கு எந்த உடன்படிக்கை தம்பி?” என்றா. யோசித்துப் பார். ஆபிராமோடு உடன்படிக்கையே இன்னும் செய்யப்படவில்லை, ஆதியாகமம் 14தான். எங்கிருந்தோ ஒரு சாலேம் ராஜா, உன்னதமான தேவனுடைய ஆசாரியன், அப்பமும் திராட்சரசமும் கொண்டு வந்து ஆபிராமை ஆசீர்வதிக்கிறான், ஆபிராம் அவனுக்குத் தசமபாகம் கொடுக்கிறான். இஸ்ரவேலும் இல்லை, லேவியும் இல்லை. ஆனால் கிறிஸ்துவின் ஆசாரியத்துவம் யாருடைய முறைமையின்படி என்று கேட்டால் எபிரெயர் 7 இந்த வெளியாளைத்தான் காட்டுகிறது. அன்ரி எங்கே போகிறா என்று எனக்கு விளங்குகிறது. தடுக்கவும் மனமில்லை, பின்னால் போகவும் பயமாக இருக்கிறது.

உங்கள் பூசையிலும் மெல்கிசேதேக்கின் பேர் வருகிறதே. ஸ்காபரோவில் உன் பங்குத்தந்தையைப் பிடித்துக் கேள், அல்லது நீயே யோசித்து எழுது. குரல் செய்தி வேண்டாம், அதில் நீ பாதி நேரம் இருமுகிறாய். வியாழன் பின்னேரம் ஆறு மணிக்கு வகுப்பு, அதற்கு முன் என் கையில் இருக்க வேண்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
மச்சான்