'பொதுவான கருப்பொருள்களை ஒப்பிடுக' என்று கேட்பவர்களுக்கு

இலக்கியப் பாடத்துக்குக் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். பல வருடங்களாக விடைத்தாள் திருத்துகிறவன் நான். நீங்கள் விடாமல் கேட்டுவரும் ஒரு கேள்வியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். 'கீழ்க்கண்ட இரு நாவல்களிலும் காணப்படும் பொதுவான கருப்பொருள்களை ஒப்பிடுக.' 15 மதிப்பெண்.

நாவல்களின் பெயர்கள் மாறுகின்றன. பதில் மாறுவதே இல்லை. காதல், சமூகம், தனிமை, மரணம். இந்த நான்கு சொற்களும் எந்த இரண்டு நாவல்களுக்கும் பொருந்தும். புத்தகத்தைக் கையில் எடுக்காமலேயே நான்கு பக்கம் நிரப்பிவிடலாம். நிறையப் பேர் அப்படித்தான் நிரப்புகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் கேட்டது அவ்வளவுதான்.

ஒருமுறை ஃப்ளோபேரின் பிரெஞ்சு நாவல் 'மேடம் பவாரி'யும் டால்ஸ்டாயின் ரஷ்ய நாவல் 'அன்னா கரேனினா'வும் ஜோடியாக வந்தன. முதலாவது 1857-இல் நூலானது. இரண்டாவது சுமார் இருபது வருடம் கழித்து வந்தது. விடைக்குறிப்பில் மூன்று கருப்பொருள்கள்: திருமணத்துக்கு வெளியே காதல், சமூகத்தின் கண்டனம், தற்கொலை. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். ஒரு மாணவி இந்த மூன்றையும் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, அந்த இரண்டு பெண்களும் எப்படிப் புத்தகம் படிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாள்.

'மேடம் பவாரி'யின் நாயகி எம்மா சிறுமியாகக் கன்னியர் மடத்தில் இருக்கும்போது, துணி தைக்க வரும் ஒரு முதியவள் ஏப்ரன் பையில் நாவல்களை ஒளித்துக் கொண்டுவந்து பெண்களுக்குக் கொடுப்பாள். அங்கே தொடங்கிய மயக்கம் அது. பின்னால் முதல் காதலன் கிடைத்த அன்று, தான் படித்த கதைநாயகிகள் எல்லாம் எம்மாவுக்கு நினைவுக்கு வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி ஆகிவிட்டதாகப் பூரிக்கிறாள். அன்னாவோ இரவு ரயிலில் மாஸ்கோவிலிருந்து திரும்புகிறாள். வெளியே பனிப்புயல். கையில் ஓர் ஆங்கில நாவல், ஒட்டியிருக்கும் பக்கங்களை வெட்டிப் பிரிக்கும் சிறு கத்தி. படிக்கப் பிடிக்கவில்லை அவளுக்கு. அடுத்தவர் வாழ்க்கையின் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பானேன், தானே வாழ வேண்டும் என்று மனம் துடிக்கிறது. அந்தக் கத்தியை ஜன்னல் கண்ணாடியில் தேய்த்து, அதன் குளிர்ந்த பரப்பைக் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள். காரணமே இல்லாமல் சிரிப்பு வருகிறது. ஒருத்தி புத்தகத்துக்குள் போக ஆசைப்படுகிறாள், இன்னொருத்தி புத்தகத்தைத் தாழ வைக்கிறாள் என்று எழுதியிருந்தாள் அந்த மாணவி.

படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். அத்தனை முறை படித்தும் இந்த இரண்டு காட்சிகளையும் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. ஆனால் விடைக்குறிப்பின்படி அவளுக்கு ஏழுக்கு மேல் போட முடியவில்லை. மேலே கேட்டேன். குறிப்பில் இல்லாததற்கு மதிப்பெண் இல்லை என்றார்கள். அந்த ஏழு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'சமூகத்தின் கண்டனமும் தற்கொலையும்' என்று உங்கள் குறிப்பு இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. எம்மாவை விஷத்தின் பக்கம் தள்ளியது ஊர்வாய் இல்லை, கடன். துணி வியாபாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டுகள் குட்டி போட்டு, கடைசியில் 8,000 பிராங்க் உடனே கட்டு என்று நோட்டீஸ் வருகிறது. வீடு ஜப்தியாகப் போகிறது. பழைய காதலன் ரொடோல்ஃபிடம் போய் 3,000 கேட்கிறாள். இல்லை என்கிறான். அதற்கப்புறம்தான் ஆர்செனிக். அன்னாவுக்குப் பணக் கவலையே கிடையாது. அவளுக்கு மகன் அருகில் இல்லை, விவாகரத்து கிடைக்கவில்லை, போய் உட்கார ஒரு வீட்டுக் கூடம்கூட இல்லை. தனியாகப் படிக்கும்போது எம்மாவின் கடன் கணக்கு பக்கத்தோடு பக்கமாகப் போய்விடும். அன்னாவை அருகில் வைத்த பிறகுதான் பணம் எவ்வளவு பெரிய பாத்திரம் என்று தெரிகிறது. ஜோடி சேர்ப்பதன் பயன் இதுதான் என்று நம்புகிறேன். ஒப்பிடவே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒற்றுமையைக் கண்டுபிடித்த இடத்தில் பேனாவை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்கிறேன்.

'ஜேன் அயர்' (1847), 'வைட் சர்காஸோ ஸீ' (1966) ஜோடிக்கும் இதே கதிதான். முதல் நாவலில் நாயகன் ராச்செஸ்டர் மாடியில் பூட்டிவைத்திருக்கும் மனைவி, இரண்டாவதில் தன் கதையைத் தானே சொல்ல வருகிறாள். அதற்குப் பதிலாக 'பெண்ணின் தனிமை' என்று எழுதினால் போதும் என்கிறது குறிப்பு.

திருத்துபவர்கள் அனைவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா என்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டுகட்டாக விடைத்தாள்கள், குறைந்த நாட்கள், மறுகூட்டல் பயம், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் காட்சி நாவலில் உண்மையிலேயே இருக்கிறதா, சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா, அதிலிருந்து எடுத்த வேறுபாடு அதற்குள்ளிருந்துதான் வருகிறதா என்று பார்க்க முடியுமே. நாவலைப் படித்த எந்த ஆசிரியராலும் முடியும். 'தனிமை' என்ற சொல் எத்தனை தரம் வந்திருக்கிறது என்று எண்ணுவதைவிட இது நேர்மையான வேலை.

அடுத்த தேர்வுக்கு ஒரு கேள்வியை நானே எழுதித் தருகிறேன். 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', 'திங்ஸ் ஃபால் அபார்ட்' இரண்டும் பாடத்தில் இருப்பவைதான். முதலாவதில், ஆப்பிரிக்காவில் தந்தம் சேர்க்கும் ஐரோப்பியன் குர்ட்ஸின் கதையை மாலுமி மார்லோ சொல்கிறான். இரண்டாவதின் நாயகன் ஒக்கொன்க்வோ, ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தவன். வழக்கமாக 'காலனியம்' என்ற ஒற்றைச் சொல்லில் இந்த ஜோடியை முடித்துவிடுகிறோம். இரண்டாவது நாவலை 1958-இல் வெளியிட்ட நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி, 1975-இல் ஒரு சொற்பொழிவில் முதல் நாவலின் ஆசிரியரான கான்ராடை இனவெறியர் என்றே சொன்னார் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பிறகு இதைக் கேளுங்கள்:

'குர்ட்ஸ் 17 பக்க அறிக்கை எழுதுகிறான். அதன் அடியில் பின்னொரு நாள் நடுங்கும் கையால், அந்த மக்கள் எல்லோரையும் ஒழித்துக்கட்டுங்கள் என்று கிறுக்குகிறான். மார்லோ அந்த வரியைக் கிழித்துவிட்டு அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கிறான். மற்ற நாவலில், 25 அத்தியாயங்கள் நாம் கூடவே வாழ்ந்த ஒக்கொன்க்வோ தானே தூக்கிட்டுத் தொங்குகிறான். மாவட்ட அதிகாரி, தான் எழுதப்போகும் நூலில் அவனுக்கு ஓர் அத்தியாயம் தரலாமா என்று யோசித்து, ஒரு பத்தி போதும் என்று முடிவு செய்கிறார். இந்த இரண்டு ஏடுகளிலும் விடுபட்டது எது? விட்டது யார்? அதை நமக்குக் காட்டுவது யார்?'

15 மதிப்பெண் கொடுங்கள். எத்தனை கட்டு வந்தாலும் திருத்த நான் தயார்.

அன்புடன்,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியன்