இரண்டின் அடுக்கு அறுபத்தேழு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். வேளைக்குச் சாப்பிடு. மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை, வேலை இருக்கும். 'பிஸிப்பா' என்று நீ அனுப்பியதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.

போன முகூர்த்தத்தில் உன் மாமனாரைப் பார்த்தேன். "சௌக்கியமா" என்றார். நான் வாய் திறக்குமுன் பந்திக்கு நகர்ந்துவிட்டார். பசியாக இருந்திருக்கும்.

போன் வராத ஞாயிறுகளில் பழைய நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டேன். இரண்டின் அடுக்கு 67, அதில் ஒன்று குறைவு. 14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோரு இலக்கம். மெர்சென் என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் 1644-ல் இதைப் பகா எண் என்று எழுதிவிட்டார். 1876-ல் லூகாஸ் வந்து, இல்லை, பகு எண்தான் என்று நிரூபித்தார், ஒரு காரணியைக்கூடக் காட்டாமல். உடையும் என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. அப்படியே 27 வருஷம்.

1903-ல் நியூயார்க்கில் ஒரு கணிதச் சங்கக் கூட்டம். கோல் என்ற பேராசிரியர் கரும்பலகையின் ஒரு பக்கம் அந்த எண்ணைப் போட்டார். மறுபக்கம் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் பெருக்கினார். இரண்டு பக்கமும் ஒரே எண். வாயே திறக்காமல் போய் உட்கார்ந்தார் என்பார்கள். எவ்வளவு காலம் பிடித்தது என்று பின்னால் கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிறுகள் என்றாராம். இதன் எந்தக் காரணியை 67-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான், ஆகவே எல்லா எண்ணையும் துழாவ வேண்டியதில்லை. அப்படியும் மூன்று வருஷம்!

நானும் பெருக்கினேன். இரண்டு தரம் தப்பு, மூன்றாம் தரம் வந்தது. இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தேன்: 37, 64, விடைக்கு 109. ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் மூன்றும் சுருங்கி 1; ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே. உனக்கு இதெல்லாம் சொல்ல வேண்டுமா, ப்ளஸ் டூ கணக்கில் 200-க்கு 199 வாங்கியவன். அந்த ஒரு மார்க் எங்கே என்று கேட்டவன் நான்.

நாலாங்கிளாஸில் 91 பகா எண் என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை, திண்ணை நிறைய டியூஷன் பிள்ளைகள். ஏழு பதிமூணு என்று நீயே சொல்லும்வரை அவர்கள் முன்னால் முட்டி போட வைத்தேன். பாதிரியாரின் தப்பை உலகம் 232 வருஷம் பொறுத்தது. அன்றைக்கப்புறம் விடை தெரியாத எதையும் நீ என்னிடம் கொண்டுவந்ததே இல்லை. கெட்டிக்காரன், தானே பார்த்துக்கொள்கிறான் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இந்த மாதம்தான் எனக்கு உறைத்தது.

விடை வேண்டாம். பாதிக் கணக்கானாலும் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே.

அம்மா மாவடு போட்டு இரண்டு ஜாடி எடுத்து வைத்திருக்கிறாள். ஒன்று உனக்கு. மற்றதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா