படகேறும் முன் நீ படிக்க வேண்டிய கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மே மாதத் தொடக்கத்தில் நீயும் தங்கச்சியும் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வருகிறீர்கள் என்று படித்ததும், அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். மகன் வாங்கியிருக்கும், மிதவைக் குழாய்களின் மேல் தட்டையான தளம் போட்ட பாண்டூன் படகில் ஆறு வயதுப் பேரனோடு ஏரியைச் சுற்றப்போவதாக நீ எழுதியிருந்த விதத்தில், கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கும் அந்தப் பழைய பையனைக் கண்டேன். அந்தப் பையனுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீ விமானம் ஏறுவதற்குள் இது உன் கையில் இருக்க வேண்டும்.

இந்த மாநிலத்து வண்டிகளின் எண் பலகையிலேயே ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று எழுதியிருக்கும். உண்மையான எண்ணிக்கை 11,842 என்பார்கள். ஏப்ரலில் ஏரியின் மேல் உறைந்திருக்கும் பனி விலகியதும், ஆறு மாதம் கொட்டகையில் கிடந்த படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு வந்துவிடும். 2020இல் கொரோனாவால் திரையரங்கும் உணவகமும் மூடிக் கிடந்தபோது, குடும்பத்தோடு போய் மூச்சுவிட ஏரிதான் இருந்தது. அந்த ஓராண்டில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய விசைப்படகுகள் விற்றன; 2008க்குப் பிறகு அவ்வளவு விற்றதில்லை. வாங்கியவர்களில் ஏராளமானோர் அதற்கு முன் படகு வைத்திருந்தவர்கள் அல்லர். அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 2019இல் 613 பேரும் 2020இல் 767 பேரும் இறந்திருக்கிறார்கள். ஒரே ஆண்டில் கால் பங்கு கூடிவிட்டது.

பிறகு அது இறங்கியது. 2021இல் 658, 2022இல் 636, 2023இல் 564, 2024இல் 556. பதிவு பெற்ற ஒரு லட்சம் படகுகளுக்கு 2020இல் 6.5 பேர் என்றிருந்த விகிதம் 2023இல் 4.9 ஆனது. 1973இல் 1,754 பேர் இறந்த நாடு இது என்பதையும், 1971இல் வந்த படகுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்னரே சிறு படகுகளை, நீர் புகுந்தாலும் அடியோடு மூழ்காதபடி மிதவைப் பொருள் வைத்துக் கட்டும் வழக்கம் நிலைத்தது என்பதையும் நினைத்தால், நடந்திருக்கும் வேலை சிறியதன்று. ஆனாலும் அந்த 4.9 என்ற எண்ணை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போய் மூழ்கியவரும் இறந்தோர் கணக்கில் வந்துவிடுகிறார். அவருடைய கயாக்கோ பல மாநிலங்களில் பதிவு செய்ய வேண்டாத ஒன்று என்பதால் படகுக் கணக்கில் வருவதில்லை. ஒருவர் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருந்தார் என்பதும் அந்த விகிதத்தில் இல்லை. கிணற்றில் எத்தனை பேர் குதித்தார்கள் என்று பார்க்காமல், ஊரில் எத்தனை கிணறுகள் என்று எண்ணி வகுப்பதைப் போன்ற கணக்கு இது. கயாக்கும் நின்று துடுப்புப் போடும் பலகையும் கடைகளில் மலிவாகக் கிடைக்கிற இந்தக் காலத்தில், அந்தக் குறை வளரத்தான் செய்யும்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது வேறு இரண்டு எண்களை. 2023இல், சாவின் காரணம் தெரிந்தவர்களில் 75 விழுக்காட்டினர் நீரில் மூழ்கியவர்கள்; அப்படி மூழ்கியவர்களில் 87 விழுக்காட்டினர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. படகில் எத்தனை பேரோ அத்தனை ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஜாக்கெட் இருக்கத்தான் செய்கிறது, இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில். புயலிலும் பேரலையிலும் நடப்பவையல்ல இவை. பெரும்பாலானவை அமைதியான நீரில் நடந்தவை. படகு ஓட்டியவர் பயிற்சி எதுவும் பெறாதவராக இருந்த படகுகளில்தான் நான்கில் மூன்று பங்குச் சாவுகள் நேர்ந்திருக்கின்றன. தெரிந்த காரணங்களில் முதலிடத்தில் இருப்பது மது. அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நீ சிரிப்பாய் என்று தெரியும். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி உன் அப்பா நம் இருவரையும் கிணற்றில் இறக்கிவிட்ட நாள் எனக்கும் நினைவிருக்கிறது. நீச்சல் பிடிபட்டதும் குடுக்கையை அவிழ்த்தெறிந்தோம். அதற்குப் பிறகு எதையாவது கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவதை நாம் கௌரவக் குறைவாகவே எண்ணி வந்திருக்கிறோம். அந்த எண்ணத்தோடுதான் இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே மே மாதத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் துடுப்புப் படகில் ஏறினேன். வெயில் நன்றாக அடித்தது; மேல்சட்டை மட்டும் போதுமானதாக இருந்தது. ஜாக்கெட்டை மடித்து உட்காருவதற்கு மெத்தையாக வைத்துக்கொண்டேன். கரையிலிருந்து முப்பது அடி போயிருப்போம். துடுப்பை எட்டி எடுக்கக் குனிந்தவன் அப்படியே புரண்டு விழுந்தேன். பனி விலகி மூன்று வாரமே ஆன தண்ணீர் அது. விழுந்த நொடியில் நெஞ்சு தானாக விரிந்து மூச்சை உள்ளே இழுத்தது. வாய் தண்ணீருக்குள் இருந்ததால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போயிற்று. கை எனக்குச் சொந்தமில்லாததைப் போல் கிடந்தது. நாற்பது ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த நீச்சல் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜாக்கெட் அணிந்திருந்தார். அவர் நீட்டிய துடுப்பைப் பிடித்ததால்தான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், தாமே உறைபனி நீரில் இறங்கி ஆராய்ந்து, ‘ஒன்று, பத்து, ஒன்று’ என்று வகுத்துச் சொல்லியிருக்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தில் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது எதுவோ, அதுதான் பிழைக்க வைக்கிறது. மே மாதத்தில் நீ வருவதால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன். ஆகஸ்டில் வந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன்.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி மாலை தேக்கடியிலிருந்து செய்தி வந்தபோது நீ ஊரில் இருந்தாய். எனக்குத் தொலைபேசியில் சொன்னவனும் நீதான். நம் வயலுக்கு வரும் அதே பெரியாற்று நீரில், இரண்டடுக்குப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2023 மே 7இல் கேரளத்தின் தானூரில் 22 பேர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதும், ஜாக்கெட் அணியாததும் அங்கே ஒரே நாளில் ஒரு கூட்டத்தைக் கொண்டுபோகின்றன. விசாரணையும் கேள்விகளும் எழுகின்றன. இங்கே அந்தச் சாவு ஒன்று ஒன்றாக, ஒரு ஏரியில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறது. உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு பத்தி வந்து அத்தோடு மறைந்துவிடுகிறது. ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும்போதுதான் அது ஐந்நூற்றைத் தாண்டுகிறது.

உன் மகனிடம் நீயே பேச வேண்டிய சில உண்டு. மினசோட்டாவில் 2025 ஜூலை 1 முதல், 2004 ஜூன் 30க்குப் பின் பிறந்தவர்கள் விசைப்படகு ஓட்டப் பயிற்சி முடித்த அனுமதி பெற வேண்டும். 2028க்குள் இது 1987 ஜூன் 30க்குப் பின் பிறந்தவர்கள் வரை நீளும். அதற்கு முந்தியவர்களை விட்டுவிட்டது சரியென்று எனக்குப் படவில்லை. 2020இல் வரிசையில் நின்று படகு வாங்கியவர்களில் நாற்பதைக் கடந்தவர்களும் இருந்தார்கள். உன் மகன் எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் அந்தப் பாடத்தைப் படிக்கட்டும். ஓட்டுகிறவர் விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை ஓட்டுகிறவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற கூட்டாட்சி விதி 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. அதைக் கொக்கியில் தொங்க விடாமல் மணிக்கட்டில் மாட்டச் சொல். பாண்டூனில் முன்பக்கக் கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிடுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அங்கிருந்து விழுந்தால் படகு மேலேறிப் போய், பின்னால் சுழலும் விசிறியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். படகு ஓடும்போது அந்தக் கதவு சாத்தியே இருக்கட்டும். இயந்திரம் ஓடும்போது பின்புற மேடையிலும் பேரனை உட்கார வைக்காதே; புகை அங்கேதான் தேங்கும்.

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஓடும் படகில் ஜாக்கெட் அணிந்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆகவே பேரன் அணிவான். பக்கத்தில் தாத்தா அணியாமல் உட்கார்ந்திருப்பதை அவன் பார்க்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு மார்பளவைப் பார்த்தும், பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்தும் ஜாக்கெட் வாங்க வேண்டும். உன் மார்பளவையும் தங்கச்சியுடையதையும் நாடாவால் அளந்து, பேரனின் எடையை மகனிடம் கேட்டு, அடுத்த கடிதத்தில் எழுதியனுப்பு. நீங்கள் வந்து இறங்கும் நாளில் மூன்றையும் வாங்கி வைத்திருப்பேன்.

உன் அன்பு நண்பன்