அரிசியளவு பூனை

அன்புள்ள சண்முகம்,

நான்கு மாதமாகப் பதில் போடாதவனை என்ன திட்ட வேண்டுமோ திட்டிவிட்டு மேலே படி. வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் வழக்கம்போல்தான்.

காரணம் ஒரு கப்பல். சிரிக்காதே. மருமகன் வாங்கித் தந்த மாதிரிக் கப்பலின் மரத்துண்டுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஸ்பெயின்காரர்களின் ‘சான்டிசிமா டிரினிடாட்’. 1769இல் ஹவானாவில் கட்டி இறக்கிய போர்க்கப்பல். ஆரம்பத்திலிருந்தே சாயும் குணம் அதற்கு. காற்று பலமாக அடித்தால் அடித்தளப் பீரங்கிகளின் கதவைத் திறக்க முடியாது, கடல் உள்ளே வந்துவிடும். அப்படிப்பட்ட நோயாளியின் தலையில் 1795இல் நான்காவது தளத்தையும் ஏற்றினார்கள், அதற்கும் பீரங்கிகள்! உன் மொட்டைமாடிக் கொட்டகை நினைவுக்கு வந்தது. வேறொன்றும் சொல்லவில்லை.

1797இல் போர்த்துக்கல் கரைக்கு அப்பால் ஆங்கிலேயரோடு நடந்த செயின்ட் வின்சென்ட் முனைச் சண்டையில் மயிரிழையில் தப்பியது. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர்: ஸ்பெயின் கரைக்கு அப்பால் ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து ஆங்கிலேயரோடு மோதிய கடற்போர். ஏறக்குறைய 140 பீரங்கிகள். அன்று அங்கிருந்த கப்பல்களிலேயே பெரியது. காற்றோ மந்தம். நம் வாத்தியார் சைக்கிளைப் போல அது அசைவதற்குள் ஆங்கிலக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. மூன்று பாய்மரங்களும் விழுந்தன. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். பிறகுதான் கொடி இறங்கியது.

ஆங்கிலேயர் அதைக் கட்டியிழுத்துப் போகும்போது புயல் பிடித்துக்கொண்டது. கப்பலைக் காப்பாற்ற முடியாதென்று, கை போனவர்களையும் கால் போனவர்களையும் இடுப்பில் கயிறு கட்டிப் படகுகளில் இறக்கினார்கள். சண்டையில் அவர்களைச் சுட்ட கைகள்தான் அந்தக் கயிற்றைப் பிடித்தன. இதைப் படித்த இரவு எனக்குப் பசை ஒட்டவில்லை, சண்முகம்.

கடைசிப் படகும் கிளம்பிய பிறகு, கீழ்த்தளப் பீரங்கி ஒன்றின் குழாய்மேல் கப்பல் பூனை ஓடிவந்து நின்று கத்தியதாம். படகைத் திருப்பி அதையும் ஏற்றிக்கொண்டார்களாம். ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். பிறகு கப்பலை அவர்களே மூழ்கடித்தார்கள்.

பெட்டியில் நங்கூரம் இருக்கிறது, கயிறு இருக்கிறது, பூனை இல்லை. பள்ளியில் சாக்குக்கட்டியில் தலைமையாசிரியர் மூக்கைச் செதுக்கியவன் நீ. ஒரு பூனை செதுக்கி அனுப்பு. நான் அளந்து பார்த்தேன், ஓர் அரிசி மணி நீளம் போதும். வால் தூக்கியிருக்கட்டும்.

உன்
கணேசன்