வேறெந்தக் கருவியிலும் சரியாகத் திறக்காத பிபிஎம்என் கோப்பு: புகார்க் கடிதம்

அனுப்புநர்
செயல்முறை ஆலோசகர் (சுயதொழில்),
ஆண்டு உரிமம் பெற்ற வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
செயல்முறை வரைபட மென்பொருள் நிறுவனம்,
சென்னை.

பொருள்: பிபிஎம்என் 2.0 எக்ஸ்போர்ட் வசதியில் உள்ள கோளாறுகள், அவற்றுக்கு உங்கள் உதவிப் பிரிவு தந்த பதில்கள், பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் விற்பனைப் பக்கத்தில் இரண்டு வாக்குறுதிகள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. ஒன்று, செயல்முறை வரைபடங்களுக்கான பொதுத் தரமான பிபிஎம்என் 2.0-க்கு முழு ஆதரவு, எந்தக் கருவிக்கும் கோப்பை எக்ஸ்போர்ட் செய்யலாம் என்பது. இன்னொன்று, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் வரையலாம் என்பது. இரண்டையும் நம்பித்தான் ஓராண்டு உரிமத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். தமிழில் வரைந்து எக்ஸ்போர்ட் செய்தால் கோப்பு உடைகிறது. தமிழே இல்லாமல் வரைந்தாலும் பாதி விவரம் வழியில் தொலைகிறது.

நகைக் கடன் கொடுக்கும் ஒரு சிறிய நிதி நிறுவனத்துக்கு நான் செயல்முறை வரைபடங்கள் தயாரித்துக் கொடுக்கிறேன். வரைவது என் வேலை. அதை எடுத்து ஓட்டுவது அவர்களுடைய கணினிப் பிரிவு. அவர்களிடம் இருப்பது வேறொரு கம்பெனியின் கருவியும், வரைபடத்தை ஓட்டும் இன்ஜினும். “நீங்களும் இதே மென்பொருளை வாங்கிவிடுங்கள்” என்று ஒரு தனி ஆள் அவர்களிடம் சொல்ல முடியாது, சொல்ல வேண்டியதும் இல்லை. கோப்புக்குப் பொதுத் தரம் வந்ததே அதற்காகத்தானே. கிளைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் நகை மதிப்பீட்டாளருக்கும் புரிய வேண்டும் என்பதால் பெட்டிகளின் பெயரெல்லாம் தமிழில்தான் இருக்கும்.

முதல் கோளாறு அந்த நிறுவனத்தின் சோதனை ஓட்டத்தில் வெளிப்பட்டது. மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு, “தள்ளுபடி பண்ணின விண்ணப்பத்துக்கும் பணப் பட்டுவாடா போகுதே, இது என்ன கணக்கு?” என்று கேட்டார். என் வரைபடத்தில் மதிப்பீட்டுக்குப் பிறகு ஒரு கேட்வே, அதாவது வழி பிரியும் இடம். அதிலிருந்து ஒரு அம்பு “ஒப்புதல்” என்ற பெட்டிக்கும், இன்னொன்று “தள்ளுபடி” என்ற பெட்டிக்கும் போகும். அவர்கள் திரையில் இரண்டு அம்புகளும் “ஒப்புதல்” பெட்டியில் போய் முட்டி நின்றன. “தள்ளுபடி” பெட்டி எதனோடும் சேராமல் ஓரமாகக் கிடந்தது.

கோப்பை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்ததும் காரணம் கண்ணில் பட்டது. உங்கள் மென்பொருள் ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் பெயரிலிருந்தே ஐடி, அதாவது அடையாளக் குறி, உருவாக்குகிறது. ஆங்கில எழுத்து அல்லாத எதையும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. “ஒப்புதல்” என்பது கணினிக்கு எட்டுக் குறியீடு: ஒ, ப, புள்ளி, ப, உகரக் குறி, த, ல, புள்ளி. “தள்ளுபடி”யும் எட்டு: த, ள, புள்ளி, ள, உகரக் குறி, ப, ட, இகரக் குறி. ஆக இரண்டு பெட்டிக்கும் ஐடி ஒன்றேதான், எட்டு அடிக்கோடு. அம்பு எங்கே போக வேண்டும் என்பதை இந்த ஐடியை வைத்துத்தான் கோப்பில் குறிக்கிறார்கள். பெறும் கருவி முதலில் கண்ட பெட்டியைப் பிடித்துக்கொண்டது, அதன் மேல் குற்றமில்லை. பெயர்களை ஆங்கிலத்தில் வைத்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. அதனால்தான் உங்கள் சோதனையில் அது சிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

இதை உங்கள் உதவிப் பிரிவுக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதில், பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள் என்றது. நான் பயன்படுத்துவது கணினியில் நிறுவிய பதிப்பு! அடுத்து வந்தவர், பெட்டிகளுக்கு ஆங்கிலப் பெயர் வைத்தால் பிரச்சினை வராது என்று யோசனை சொன்னார். மூன்றாவது பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. “உங்கள் கோப்பை எங்கள் மென்பொருளில் திறந்து பார்த்தோம், சரியாகவே திறக்கிறது. பிழை எதிர்த்தரப்புக் கருவியில் இருக்கலாம்” என்று எழுதி, புகாரைத் தீர்ந்தது என்று மூடிவிட்டார்கள். தான் எழுதிய கோப்பைத் தானே திறந்து பார்ப்பது, பரீட்சை எழுதினவனே விடைத்தாள் திருத்துகிற மாதிரி.

அது ஏன் “சரியாகவே” திறக்கிறது என்பதையும் பார்த்துவிட்டேன். கோப்பின் தரப்படியான பகுதிக்குக் கீழே, எக்ஸ்டென்ஷன் பகுதியில், வரைபடம் முழுவதையும் உங்கள் சொந்த வடிவத்தில் இன்னொரு பிரதியாக எழுதி வைக்கிறீர்கள். திரும்பத் திறக்கும்போது உங்கள் மென்பொருள் அந்தப் பிரதியைத்தான் படிக்கிறது, தரப்படியான பகுதியைத் தொடுவதில்லை. அந்தப் பிரதியை மட்டும் அழித்துவிட்டு அதே கோப்பை உங்கள் மென்பொருளிலேயே திறந்தேன். இரண்டு அம்பும் ஒரே பெட்டியில் முட்டி நின்றன, நிதி நிறுவனத்தின் திரையில் பார்த்த அதே படம். எக்ஸ்டென்ஷன் பகுதியில் நிறம், எழுத்துரு போன்ற சொந்த விவரங்களை வைத்துக்கொள்ள தரம் அனுமதிக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உண்மையான வரைபடத்தை அங்கே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் படிக்கும் பகுதியை அரைகுறையாக விட்டு, அதற்கு ‘முழு ஆதரவு’ என்று பெயர் வைத்து விற்றதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

எதிர்த்தரப்புக் கருவியைச் சந்தேகிக்க வேண்டாம் என்பதற்கு வேறு ஆதாரமும் உண்டு. இந்தத் தரத்தை வெளியிடும் ஓஎம்ஜி அமைப்பே கோப்பின் அமைப்பைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவை இலவசமாகத் தருகிறது. அதில் போட்டுப் பார்த்தால், ஒரே ஐடி இரண்டு முறை வருகிறது என்று பிழை காட்டுகிறது. கட்டணமில்லாமல் கிடைக்கும் கமுண்டா மாடலர் என்ற வரைபடக் கருவியும் திறக்கும்போதே அதைச் சொல்லி எச்சரிக்கிறது.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் ஸ்கீமா சோதனையில் அது அகப்படாது. “குறைந்த ஆவணங்கள் பெறுதல்” என்ற பெட்டியின் விளிம்பில் ஒரு டைமர் வைத்திருக்கிறேன். மூன்று நாள் ஆனால் விண்ணப்பதாரருக்கு நினைவூட்டல் குறுஞ்செய்தி போக வேண்டும், ஆனால் ஆவணத்துக்காகக் காத்திருக்கும் வேலை நிற்கக் கூடாது. இப்படி வேலையை நிறுத்தாத டைமரை இரட்டை வளையத்தில், விட்டுவிட்டு வரும் கோடாக வரைவது வழக்கம். கோப்பில் அதற்கு ‘கேன்சல் ஆக்டிவிட்டி’ என்ற பண்பு ‘ஃபால்ஸ்’ என்று இருக்க வேண்டும். உங்கள் எக்ஸ்போர்ட் அந்தப் பண்பையே எழுதுவதில்லை. எழுதாமல் விட்டால் தரத்தின்படி அதன் மதிப்பு ‘ட்ரூ’. எனவே ஸ்கீமா கோப்பைச் செல்லும் என்கிறது, படத்தில் விட்டுவிட்டு வரும் கோட்டு வளையம் முழுக் கோட்டு வளையமாகிறது, அர்த்தம் தலைகீழாகிறது. மூன்று நாள் முடிந்ததும் ஒரு குறுஞ்செய்தி போகும், ஆவணம் பெறும் வேலை ரத்தாகும். நான்காம் நாள் முகவரிச் சான்றோடு கிளைக்கு வருகிறவருக்கு அங்கே விண்ணப்பமே இருக்காது. சோதனை ஓட்டத்திலேயே பிடித்துவிட்டோம், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

அந்த டைமரின் கால அளவையும் நீங்கள் தரப்படி எழுதவில்லை. தேதி, கால அளவு எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 முறையில் ‘பி3டி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘3 டேஸ்’ என்று எழுதியிருந்ததால் இன்ஜின் கோப்பை ஏற்கவே மறுத்தது. அதைக் கையால் திருத்தின பிறகுதான் மேலே சொன்னது வெளியே வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் நான் எழுதிய விளக்கக் குறிப்புகளும் போய்ச் சேரவில்லை. ‘டாக்குமென்டேஷன்’ என்று தரத்திலேயே அதற்கு இடம் இருக்க, அவற்றையும் உங்கள் எக்ஸ்டென்ஷனுக்குள் வைத்திருக்கிறீர்கள். எது யாருடைய வேலை என்று பிரித்துக் காட்டும் லேன்கள் படத்தில் இருக்கின்றன, ஆனால் எந்த வேலை எந்த லேனைச் சேர்ந்தது என்ற பட்டியல் காலி. பார்வைக்கு மதிப்பீட்டாளரின் லேனில் இருக்கும் பெட்டி, கோப்பைப் பொறுத்தவரை யாருடைய வேலையும் இல்லை.

இதெல்லாம் புதுத் தொழில்நுட்பத்தின் பாலாரிஷ்டம் என்று சொல்ல வழியில்லை. பிபிஎம்என்னின் முதல் பதிப்புகளில் குறியீடுகளை எப்படி வரைவது என்ற விதி மட்டும்தான் இருந்தது, சொந்தமாகக் கோப்பு வடிவம் இல்லை. எக்ஸ்பிடிஎல் போன்ற வேறு வடிவங்களை வைத்து ஒப்பேற்றினார்கள். அந்தக் காலத்துக் கருவிகளை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். 2011-இல் வந்த 2.0 பதிப்பு கோப்பு வடிவத்தையும், ஒவ்வொரு பெட்டியும் எந்த இடத்தில், எந்த அளவில், ஒவ்வொரு கோடும் எந்தப் புள்ளிகள் வழியாக என்பது வரையும் வகுத்துவிட்டது. 2013-இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது.

தரம் இருந்தும் கருவிகள் ஒத்துப்போகவில்லை என்பதால், அதே 2013-இல் ஓஎம்ஜியின் கீழ் மாடல் இன்டர்சேஞ்ச் பணிக்குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் மாதிரி வரைபடங்களைப் படமாகவும் கோப்பாகவும் பொதுவில் வைத்திருக்கிறார்கள். சோதனை மூன்று வகை. மாதிரிக் கோப்பை உங்கள் கருவியில் இம்போர்ட் செய்து படம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, படத்தைப் பார்த்து நீங்களே வரைந்து எக்ஸ்போர்ட் செய்து மாதிரிக் கோப்போடு ஒப்பிடுவது, இம்போர்ட் செய்ததை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து என்ன தொலைந்தது என்று பார்ப்பது. ஏ.1.0 என்ற முதல் மாதிரியில் ஒரு தொடக்கம், வரிசையாக மூன்று வேலை, ஒரு முடிவு, அவ்வளவுதான். அதில் உங்கள் மென்பொருள் தேறிவிட்டது, மறுக்கவில்லை. பெட்டியின் விளிம்பில் வைக்கும் நிகழ்வுகள் வரும் ஏ.3.0-இலேயே சறுக்கிவிட்டது. பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளின் சோதனைக் கோப்புகளைக் குறையோடு சேர்த்தே அங்கே வெளியிட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் மென்பொருளின் பெயரைத் தேடினேன். இல்லை.

நான் கேட்பது இவை. ஐடி உருவாக்கும் முறையையும் டைமர் பண்பையும் திருத்திய பதிப்பு, இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் எனக்கு வர வேண்டும். விளக்கக் குறிப்புகளுக்கும் லேன் பட்டியலுக்கும் நீங்கள் ஒரு தேதி சொன்னால் போதும், காத்திருக்கிறேன். பணிக்குழுவின் மாதிரிகளை வைத்துச் சோதித்த முடிவுகளை உங்கள் தளத்தில் வெளியிடுங்கள். எது ஆகாது என்பதும் அதில் இருக்கட்டும், வாங்குகிறவர் தெரிந்துகொண்டு வாங்குவார். அதுவரை ‘முழு ஆதரவு’ என்ற வார்த்தையை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். உங்கள் உள்சோதனையில் தமிழ்ப் பெயர் கொண்ட வரைபடம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான்.

திருத்த இயலாது என்றால், உரிமத்தில் மீதமுள்ள காலத்துக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அப்படிக் கணக்கை முடித்தாலும் என் பழைய வரைபடங்களைத் திறந்து பார்க்கும் வசதியை நிறுத்தக் கூடாது. அவை இப்போது உங்கள் சொந்த வடிவத்தில் மட்டுமே முழுதாக இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று உங்கள் உரிம ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதைப் படித்தேன். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் தன் தொழிலுக்கென்று வாங்கினால் அவரும் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. என் தொழில் அதுதான். மேற்சொன்ன காலத்துக்குள் பொருத்தமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பதில் எழுதுபவர் கோப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவராக இருக்கட்டும். பேச வேண்டுமானால் வேலை நாட்களில் காலை 10 மணிக்கு மேல் அழைக்கலாம், என் எண் உங்கள் உரிமப் பதிவில் இருக்கிறது.

இணைப்பு: எக்ஸ்போர்ட் ஆன மூலக் கோப்பு, எக்ஸ்டென்ஷன் பகுதி நீக்கிய பிரதி, ஸ்கீமா சோதனையின் பிழை அறிக்கை, இரு கருவிகளின் ஸ்கிரீன்ஷாட்டுகள், உதவிப் பிரிவின் பதில்கள், பணம் கட்டிய ரசீது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உரிமம் பெற்ற வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.